பன்னிரண்டாவது கம்பி

"ஹலோ... ஹலோ, கியாலோவா?... நான்தான், கெருபோ... ஏன், என் நம்பரை அழிச்சிட்டியா?... அப்புறம் எதுக்கு 'யாரு'ன்னு கேட்டே?... ஆமா, ஆமா, எட்டு மாசம் ஆச்சு. நல்லா இருக்கியா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?... மழையா? இங்க எங்க மழை, வெறும் தூசிதான்... இல்லப்பா, ஒண்ணும் விசேஷம் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

சும்மா கூப்பிடுகிற ஆள் கெருபோ இல்லை. நைரோபியில் அவள் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, மடிக்கணினியோடு கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் கூப்பிட்டிருந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். முதல் வரி, 'சிரித்துப் பேசு.' அதற்கு அடிக்கோடு வேறு. பேச்சைப் பதிவு செய்யும் பொத்தானையும் அழுத்தியாயிற்று.

கியாலோ மூன்று வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசை. எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு அலுவலகத்துக்கு மாறிப் போனான். போகிற அன்றைக்கு எல்லாருக்கும் மண்டாசி என்கிற எண்ணெய்ப் பலகாரம் வாங்கிக் கொடுத்தான். காரியம் இல்லாமல் ஒருத்தன் சுடச்சுட மண்டாசி வாங்கித் தருவானா என்று அன்றைக்கே அவளுக்கு உறுத்தியது. எட்டு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் கையில் சிக்கியிருக்கிறது.

"புது ஆபீஸ் எப்படி?... ஓ... அப்படியா... டீயாவது நல்லா இருக்கா? இங்க அதே வெந்நீர்தான்... ஆமா, ஆமா. சரி, ஒண்ணு கேக்கணும். அங்க ஜன்னல், கதவு பாகமெல்லாம் யாரு செய்றாங்க?... சும்மா, தெரிஞ்சுக்கத்தான்... எல்லாருமே செய்வீங்களா? நீயுமா? பலே! இங்க இருந்தப்போ ஒரு கதவைத் தலைகீழா வெச்சிட்டு, எங்க தப்புன்னு தெரியாம ரெண்டு நாள் முழிச்ச ஆளாச்சே நீ... சிரிக்காதே. நான் சிரிக்கல."

முதல் வரி அத்தோடு போயிற்று. கெருபோவுக்குச் சிரித்துப் பேச அவ்வளவுதான் வரும்.

பாகம் செய்வதுதான் அவள் வேலை. கட்டடம் வரைகிற சாஃப்ட்வேரில் ஜன்னலை ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஒரு தடவை ஒழுங்காகச் செய்து வைத்தால் போதும். அகலம், உயரம் என்று எண்ணை மாற்ற மாற்ற அதே ஜன்னல் நீண்டும் சுருங்கியும் ஆயிரம் வீட்டுக்குப் பொருந்தும். எத்தனை கண்ணாடி, எத்தனை கம்பி என்று பட்டியலையும் தானே போட்டுக் கொடுத்துவிடும். அப்படி நூற்றுப்பத்து பாகங்களை இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்தவள் அவள். வருகிற திங்கட்கிழமை அலுவலகத்தில் பாகங்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். தலைமைக்கு அவள் பெயர்தான் அடிபடுகிறது. இந்த நேரம் பார்த்து வேறொரு அலுவலகத்திலும் அவளுடைய ஜன்னல் நடமாடுகிறது என்று தெரிந்தால், 'இது எங்கேயும் கிடைக்கிற பொதுச் சரக்குதானே' என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பார். அதற்கு முன்னால், 'இது கெருபோ செய்தது' என்று கியாலோவின் வாயிலிருந்தே ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இப்ப உன் பக்கத்துல யாரு இருக்கா?... யாரும் இல்லையா? அப்ப அந்தச் சத்தம் என்ன, பொம்பளைப் பிள்ளைங்க பேசுற மாதிரி?... சைட்டா? எந்த சைட்?... மச்சாகோஸ் பக்கம். பக்கம்னா எந்தப் பக்கம்?... ஏன் மென்னு முழுங்குறே? நானே சொல்லட்டுமா? மச்சாகோஸ் தாண்டி, மலையடிவாரத்துல பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல். நீங்க கட்டின ஹாஸ்டல்... எப்படித் தெரியும்னா? அங்க அடுத்து சாப்பாட்டுக் கூடம் கட்டப் போறாங்க இல்ல? அதை வரைய எங்களைக் கேட்டிருக்காங்க. ஹாஸ்டலோட ஒத்துப் போகணும்னு உங்க வரைபடத்தை அப்படியே எங்களுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப என் கண்ணு முன்னால திறந்து கெடக்கு... ஹலோ?... ஏன் பேச்சைக் காணோம்?"

கெருபோ நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஜன்னல் யாரு செஞ்சது கியாலோ?... நெட்டுல எடுத்தியா. எந்த நெட்டுல?... மறந்து போச்சா. பாவம்... சேச்சே, கோவமே இல்ல. ஒரே ஒரு வேலை செய். அந்த ஜன்னல்ல எத்தனை கம்பின்னு எண்ணிச் சொல்லு... ஆமா, கம்பிதான். திருடன் வராம இருக்க எல்லாரும் போடுற கம்பி... ஏன்னு கேக்காதே, எண்ணு. நான் லைன்லயே இருக்கேன்."

இந்த இடத்துக்குத்தான் அவள் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து வந்தது. அந்த ஜன்னலில் அவள் செய்த பிசகு ஒன்று இருந்தது. சட்டத்துக்குள் இருக்கிற அகலத்தை நூறு மில்லிமீட்டரால் வகுத்து அத்தனை கம்பி போடு என்று சூத்திரம் எழுதியிருந்தாள். வகுத்தது போக மிச்சம் இருந்தால் எல்லாம் சரியாக வரும். மிச்சமில்லாமல் வகுபட்டால் கடைசிக் கம்பி போக இடமில்லாமல் சட்டத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீடுகளுக்கு அந்த அகலத்தில் அவர்கள் ஜன்னல் வைப்பதில்லை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அவளும் திருத்தவில்லை, திருத்த நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஹாஸ்டல் ஜன்னலின் உள் அகலம் சரியாக ஆயிரத்து இருநூறு.

"எண்ணிட்டியா?... எத்தனை?... பன்னெண்டு. இன்னொரு தடவை எண்ணு... பன்னெண்டேதான். பதினொண்ணுதான் இருக்கணும். பன்னெண்டாவது எங்க நிக்குது?... வலது ஓரத்துல, சட்டத்தோட ஒட்டிக்கிட்டு. ஒரு எறும்பு போக இடமில்ல, இல்லையா? அது எதுக்கு அங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?... தெரியாது. எனக்குத் தெரியும். ஏன்னா அது என் தப்பு! உலகத்துல வேற எவனுக்கும் அந்தத் தப்பு வராது. நெட்டுல எடுத்தானாம் நெட்டுல! ஜன்னலைத் திருடுறவன் தப்பைத் திருத்திட்டாவது திருடியிருக்கலாம் இல்ல?... கத்தல. நான் கத்தல. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. 'இது கெருபோ செஞ்சது.' அவ்வளவுதான், விட்டுடுறேன்... என்ன?... என்ன ஒட்டுது?... கையிலயா? கையில எப்படி பெயிண்ட் ஒட்டும், கம்ப்யூட்டர்ல எண்ணினா?"

கெருபோ மடிக்கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கியாலோ... நீ எங்க நின்னு எண்ணினே?... இரு, இரு, மெதுவா சொல்லு... ஹாஸ்டலுக்குள்ள. ஜன்னல் முன்னாலயா?... நிஜ ஜன்னலா?... கம்பியை மாட்டியாச்சா? அந்தப் பன்னெண்டாவதையும் சேர்த்தா வெல்ட் வெச்சான்?... ஆமா, பட்டியல்ல பன்னெண்டுன்னா வெல்டிங் ஃபுண்டி பன்னெண்டுதான் வெப்பான். அவன் மேல என்ன தப்பு. எண்ணி வெல்ட் வைக்கிறதுதானே அவன் வேலை..."

தான் எழுதிய ஒரு வரி அங்கே மலையடிவாரத்தில் இரும்பாகி, பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. சிரிப்பு உதட்டுக்கு வருமுன் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"டேய். ஹாஸ்டல்டா அது. பிள்ளைங்க தூங்குற இடம். தூங்குற இடத்து ஜன்னலுக்குக் கம்பியே கூடாதுன்னு அரசாங்க விதி இருக்கு. தீப்பிடிச்சா எந்த வழியா குதிப்பாங்க? இது கூடவா உனக்குத் தெரியாது?... தெரியுமா! தெரிஞ்சும் எப்படிறா போட்டே?... எடுக்க வரலையா? எடுக்க வரலன்னா என்ன அர்த்தம்? 'கம்பி'ன்னு ஒரு டிக் இருக்குமே, அந்த டிக்கை எடுத்துவிட்டா..."

டிக்கை எடுத்துவிட்டால் கம்பி போய்விடும். போயிருக்க வேண்டும். போகாது. ஏனென்றால் அதைப் போகவிடாமல் செய்தவளே அவள்தான்.

நைரோபியில் கம்பியில்லாத ஜன்னலை வீட்டுக்காரர்கள் ஜன்னலாகவே மதிப்பதில்லை. போன வருஷம் யாரோ ஒரு புதுப் பையன் தெரியாமல் டிக்கை எடுத்துவிட, கம்பியில்லாத வரைபடம் இரண்டு வீட்டுக்காரர்கள் கைக்குப் போய், அவர்கள் அலுவலகத்துக்கே வந்து ஆடித் தீர்த்துவிட்டார்கள். இனி எவனும் கை வைக்கக் கூடாது என்று கெருபோ அந்த டிக்கின் மேல் 'எப்போதும் ஆம்' என்று ஒரு சூத்திரம் எழுதிப் பூட்டினாள். யாரையும் நம்பாதவள் செய்த வேலை, கெட்டியாகவே செய்திருந்தாள். போதாததற்கு ஜன்னலின் மற்ற அளவுகளையெல்லாம் கம்பியின் கோட்டில்தான் கட்டி வைத்திருந்தாள்.

"...நான்தான் பூட்டினேன்... இல்ல, கேக்குது, சொல்லு. கம்பியை அழிச்சும் பாத்தியா?... ஜன்னலே மொத்தமா சரிஞ்சிருச்சா. ஆமா. சரியும். எல்லா அளவும் கம்பியிலதான் தொங்குது... சரி, திருடினே, எடுக்கத் தெரியல. கேட்டிருக்கலாம் இல்ல? ஒரு போன் போட எவ்வளவு நேரம்... என்ன?... எப்ப?... எத்தனை தடவை?"

"அஞ்சு."

கியாலோ சொன்ன எண்ணை அவள் திருப்பிச் சொன்னாள். ஐந்து தடவையும் அவளுக்கு நினைவிருந்தது. கியாலோவின் பெயர் திரையில் மின்னும்போதெல்லாம், எடுத்தது போதாதென்று இன்னும் என்ன திருட வருகிறான் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "பாருங்க, தேன் ஒழுகப் பேசப் போறான், நான் எடுப்பேனா?" என்று பெருமை வேறு அடித்தாள். இப்போது வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"அப்புறம் என்ன பண்ணினே?... 'விடுதி ஜன்னல்களுக்குக் கம்பி வேண்டாம்'னு ஓரத்துல ஒரு குறிப்பு. எவ்வளவு பெரிய எழுத்துல?... அதை யாரு படிப்பா கியாலோ, பட்டியலைக் கையில வெச்சிக்கிட்டு வேலை செய்றவன்?... திட்டல. நான் யாரு திட்ட... பிள்ளைங்க குடிவந்தாச்சா?... போன திங்கட்கிழமையே! எத்தனை பேரு?... அறுபத்து நாலு. கதவு?... ரெண்டு. ரெண்டும் திறக்குதா?... பின்கதவு முன்னால என்ன?... பிள்ளைங்களோட இரும்புப் பெட்டி. கூரை வரைக்குமா அடுக்கி வெச்சிருக்காங்க?... கடவுளே. கரண்ட் போனா என்ன ஏத்துறாங்க?... சொல்லாதே. மெழுகுவத்தின்னு சொல்லாதே... சொல்லிட்டே."

தாளில் எழுதி வைத்த கேள்விகளில் இன்னும் ஏழு மிச்சம் இருந்தன. கெருபோ அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 'அறுபத்து நாலு' என்று எழுதினாள். ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெட்டி எடுக்கச் சொல்லு. இன்னைக்கே... சொல்லியாச்சா? யாரு விட மாட்டேங்கிறா?... ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம். ஃபுண்டி கிரைண்டரோட வந்து மரத்தடியில காத்துக்கிட்டு இருக்கானா... 'படத்துல இருக்கு, முத்திரை இருக்கு, எடுக்க மாட்டேன்'னு சொல்றாங்களா. அவங்க கேக்கறதும் நியாயந்தானே... நீ என்ன சொன்னே? 'படம் தப்பு'ன்னியா? யாரு தப்புன்னு கேப்பாங்களே... அந்த இடத்துல வாயை மூடிக்கிட்டே. திருடினதுன்னு சொன்னா வேலை போயிரும்... ம்ம். போகும்தான்... சரி, போனை அவங்ககிட்ட குடு. நான் பேசறேன்... ஏன் குடுக்க மாட்டே?... ரெக்கார்டா? நான் எதுக்குடா ரெக்கார்ட்..."

போனின் மூலையில் சிவப்புப் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷத்துப் பேச்சு, திருடினேன் என்று அவன் ஒப்புக்கொண்டது உட்பட எல்லாம் அதற்குள் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். கோப்பையும் அழித்தாள்.

"ஆமா, பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப அழிச்சிட்டேன்... நம்பாட்டி போ. நானும் உன்னை நம்பலையே, சரியாப் போச்சு. நம்புறதை அப்புறமா வெச்சுக்கலாம், போனைக் குடு... குடு கியாலோ. அந்த டிக்கைப் பூட்டினது நீ இல்ல."

காலடிச் சத்தம், ஒரு கதவு, அப்புறம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. கெருபோ தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"மேடம், வணக்கம். என் பேரு கெருபோ ஒன்சோங்கோ... இல்ல மேடம், கியாலோ ஆபீஸ் இல்ல. இது வேற ஆபீஸ்... ஆமா, உங்க சாப்பாட்டுக் கூடத்துக்குக் கேட்டிருக்கீங்களே, அவங்கதான்... ஐயோ, இல்ல மேடம். வேலையைப் புடிக்கறதுக்காக இவங்க கட்டினதைக் குறை சொல்லல... சத்தியமா இல்ல... கேக்குறேன், சொல்லுங்க... ஆமா... ஆமா மேடம்... எத்தனை மெத்தை?... பழைய ஹாஸ்டல்ல ஜன்னல் வழியா பதினாலு மெத்தையை இழுத்துட்டுப் போயிட்டாங்களா. பிள்ளைங்க படுத்திருக்கும்போதேவா!... புரியுது. கம்பி வந்த பிறகுதான் நீங்க நிம்மதியா தூங்குறீங்க... இல்ல மேடம், நான் மெத்தைத் திருடனுக்கு வேண்டிய ஆள் இல்ல."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அவள் எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அந்தக் கண்ணால் இப்போது ஒருத்தர் அவளைப் பார்க்கிறார், அதுவும் போன் வழியாக. அந்த அம்மாளின் இடத்தில் இருந்தால் தானும் இதையேதான் கேட்டிருப்போம் என்று கெருபோவுக்குத் தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

"அடையாள அட்டை நம்பரா? சொல்றேன், எழுதிக்குங்க... எழுதிட்டீங்களா?... ஊரு கிசீ பக்கம் மேடம்... அப்பா வாத்தியார்... ஆரம்பப் பள்ளிதான்... ஆமா, ரிட்டயர் ஆயிட்டார்... எதுக்கு மேடம் அவர் நம்பர்?... சரி, அதையும் எழுதிக்குங்க... எங்க வீட்டு ஜன்னலுக்கா?... இருக்கு. கம்பி இருக்கு மேடம்... எல்லா ஜன்னலுக்கும்... கதவுக்கும் இருக்கு. ஆமா. எனக்கு மட்டும் வேணும், உங்க பிள்ளைங்களுக்கு வேணாம். கேக்க அப்படித்தான் இருக்கு... மேடம், என் வீட்டுல நான் ஒருத்திதான். சாவி என் தலைமாட்டுல இருக்கு. அங்க அறுபத்து நாலு பிள்ளைங்க, ஒரே ஒரு கதவு. மெழுகுவத்தி சாஞ்சு ஒரு கொசுவலை பத்திக்கிட்டா, அறுபத்து நாலும் அந்த ஒரு கதவுக்குத்தான் ஓடணும். மெத்தை போனா வேற மெத்தை வாங்கலாம் மேடம்..."

எதிர்முனையில் எங்கேயோ ஒரு மணி அடித்தது, பிள்ளைகள் கலகலவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"இருக்கேன் மேடம்... யாரு தப்பா? என் தப்பு. அந்த ஜன்னல் நான் செஞ்சது... ஆமா, நான்தான். வீடுகளுக்குன்னு செஞ்சேன். யாராலயும் கம்பியை எடுக்க முடியாதபடி நான்தான் பூட்டி வெச்சேன். கியாலோ எடுக்கப் பாத்தான், முடியல. என்னைக் கூப்பிட்டான், நான் போனை எடுக்கல... அவன் கைக்கு எப்படி வந்துச்சா?"

கூட்ட அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய முதலாளி தேநீர்க் கோப்பையோடு போய்க்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். திங்கட்கிழமையைத்தான் சொல்கிறார். கெருபோ பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை மேடம். அதை வேற ஒரு நாளைக்குப் போட்டுக்குறோம்... எழுதித் தர்றேன். கண்டிப்பா எழுதித் தர்றேன். இப்பவே... வெச்சுடாதீங்க, லைன்லயே இருங்க. டைப் பண்ணப் பண்ணப் படிக்கிறேன், கேளுங்க. 'விடுதியின் பதினாறு ஜன்னல்களின் வடிவமும் என்னால் செய்யப்பட்டது. அவற்றில் கம்பிகள் இடம்பெற்றது என் பிழை. அவை உடனே அகற்றப்பட வேண்டும். இதற்கு நானே பொறுப்பு. கெருபோ ஒன்சோங்கோ'... போதுமா?... எங்க பாஸுக்கும் ஒரு காப்பி போடணுமா? போடறேன். கியாலோ ஆபீசுக்கும் ஒரு காப்பி... அவன் பேரா? அவன் பேர் எதுக்கு, ஜன்னல் என்னுது... அனுப்பிட்டேன். வந்துச்சா பாருங்க."

இவ்வளவு நேரமும் எந்த வார்த்தையைக் கியாலோவின் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தாளோ, அதைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியாயிற்று. தலைமைப் பதவியும் அதே கடிதத்தோடு போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்க இப்போது நேரமில்லை.

"வந்துச்சா?... அப்ப ஃபுண்டியைக் கூப்பிடுங்க மேடம்... இன்னும் என்ன?... காகிதம் திருடனைத் தடுக்குமான்னா... தடுக்காதுதான்... நானா? அங்க வந்து படுக்கவா?... கம்பியில்லாம?... இன்னைக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அலுவலக ஜன்னலுக்கும் கம்பி உண்டு.

"வர்றேன்... இல்ல, யோசிக்கல, வர்றேன். இப்ப கெளம்பினா இருட்டறதுக்குள்ள வந்துருவேன். பிள்ளைங்களோடயே படுக்கறேன். வாட்ச்மேனை ஜன்னல் பக்கம் நடந்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, அந்த இரும்புப் பெட்டியெல்லாம் பின்கதவுல இருந்து நகரணும். ஆனா நான் வந்து இறங்கும்போது ஒரு கம்பி இருக்கக் கூடாது. கியாலோவை ஒவ்வொரு ஜன்னலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க... உங்களை நம்பாம இல்ல மேடம்... சரி, நம்பலதான். நீங்களும்தானே... சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க... போர்வை நானே கொண்டு வர்றேன். கட்டில் இருக்கா?... ஒண்ணு காலியா இருக்கா. யாரோடது?... வீட்டுக்குப் போயிட்டாளா? பள்ளிக்கூடம் திறந்து அஞ்சு நாள்தானே ஆச்சு, உடம்பு சரியில்லையா?"

பதில் நீளமாக வந்தது. கெருபோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"...முன்னால படிச்ச ஸ்கூல் ஹாஸ்டல்ல தீப்பிடிச்சுதா?... அப்ப அவளுக்கு எத்தனை வயசு?... ஜன்னல்ல கம்பியைப் பாத்துட்டு... உள்ளயே படுக்கலையா? முதல் ராத்திரி பூராவும் வெளிய படியிலயே உக்காந்திருந்தாளா... ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையா மேடம்?... ஆமா. பிள்ளைங்க சொன்னா யாரு கேக்குறா. நான் போனையே எடுக்கல..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தன் மேசையில் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு நிமிர்ந்து நேரே அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கட்டைவிரல் உயரவில்லை.

"அவ வீடு எங்க?... பக்கத்துலதானா? அப்ப கம்பியை எடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்புங்க மேடம்... நம்ப மாட்டாளா?... நம்பக் கூடாதுதான். நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். நான் போறேன். நாளைக்கு விடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வந்து காட்டறேன். ஒவ்வொரு ஜன்னலா அவளே கையை வெளிய நீட்டிப் பாக்கட்டும். பேரு என்ன மேடம்?... என்ன பேரு?... ஹலோ?... கேக்கல, ஏதோ சத்தம்... கிரைண்டரா? அங்கயா? இப்பவேவா?... வேணாம், வேணாம், நிறுத்தச் சொல்லாதீங்க! வெட்டட்டும். பேரை நான் அங்க வந்து அவகிட்டயே கேட்டுக்கறேன். வெட்டட்டும் மேடம், வெட்டட்டும்..."

அதற்கு மேல் யார் பேச்சும் கேட்கவில்லை. இரும்பு அறுபடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலாளி கதவைத் தட்டினார். கெருபோ ஒரு கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, லைன் தானாக அறுந்துபோகிற வரைக்கும் போனைக் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.